ஷெரெல் வைத்த ரகசிய வார்த்தை

ஷெரெலின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் கூடப்பிறந்த அக்கா நோலீன்தான். பெரியம்மா, பெரியம்மா என்று நோலீனைச் சுற்றி வந்த மகள் கியார்னா, எப்போதோ அந்தப் 'பெரிய'வை விட்டுவிட்டு வெறும் அம்மா என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தாள். கேத்தரின் ஊரின் பழங்குடிகளான அவர்கள் ஜனத்தில் அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான்; இது அதிசயமே இல்லை. ஷெரெலும் நாலு பேரை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் தன் பிள்ளை என்று வந்ததும் அந்த நியாயமெல்லாம் கசந்தது. முதல் பல் விழுந்தது நோலீன் வீட்டில். பாரமுண்டி மீனுக்கு இவள் முள் எடுத்துக் கொடுத்தால், "அந்த அம்மா இன்னும் நல்லா எடுப்பாங்க" என்கிறது. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

போன மாதம் பள்ளிக்கூட வாசலில் எவனோ காரை நிறுத்தி ஒரு சிறுமியை ஏறச் சொல்லியிருக்கிறான். அவள் ஓடி வந்துவிட்டாள். அதிலிருந்து புது ஏற்பாடு. பெற்றோரிடம் மட்டும்தான் பிள்ளைகளை விடுவது என்று தலைமையாசிரியர் சொன்னார். உதவி ஆசிரியை டெல்மாவும் அவர்கள் ஜனம்தான்; அவள் விடவில்லை.

"எங்க பிள்ளைங்களுக்கு ஒரு அம்மாவோட முடிஞ்சிடாது சார். வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தை வைங்க. யாரு யாருக்குச் சொல்லணுமோ பெத்தவங்களே சொல்லிக்கட்டும். வந்தவங்க வார்த்தை சொல்லி, பிள்ளை சரின்னாத்தான் விடுவோம்."

ஷெரெல் யாருக்கும் சொல்லவில்லை. மாட்டுப் பண்ணையில் வேலையாக இருந்த புருஷனுக்குக்கூட இல்லை. வார்த்தையை அவளே தேர்ந்தெடுத்து, கியார்னாவின் காதில் ஓதினாள்: "என் அம்மா ஒருத்திதான்."

"எனக்குத்தான் ரெண்டு பேரு இருக்காங்களே?"

"சொல்றதை மனசுல வச்சுக்கடி."

அன்று ஷெரெல் மாம்பழம் பெட்டி கட்டும் கொட்டகையில் இருந்தாள். மத்தியானம் பிடித்த மழையில், ஊருக்குத் திரும்பும் வழியில் ஓடை பாலத்துக்கு மேல் புரண்டு ஓடியது. பள்ளி விடும் நேரம் தாண்டிவிட்டது. யாரை அனுப்பலாம் என்று நோலீனைத் தவிர ஊரில் உள்ள எல்லோரையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நோலீனே போனில் கூப்பிட்டாள்.

"ஓடை ஏறிடுச்சுன்னு கேட்டதும் வாசலுக்கு வந்துட்டேன்டி. இந்த டெல்மா விட மாட்டேங்கிறா. உங்க நாய் பேரு சொன்னேன், உன் பேரு சொன்னேன், ஒண்ணும் இல்லையாம். என்னதான்டி வார்த்தை?"

"டெல்மாகிட்ட குடு. நான் பேசுறேன்."

டெல்மா வந்தாள். "போன்ல யாரு வேணா ஷெரெல்னு சொல்லலாம். எனக்கு நோலீனைப் பிறந்ததுலேருந்து தெரியும். தெரிஞ்சவங்கன்னு விட்டுத்தான் பாதி வம்பே வருது. கூட்டிட்டுப் போறவங்க வாயால வார்த்தை வரட்டும்."

"பிள்ளை என்ன பண்ணுது?"

"நனைஞ்சு போய் நிக்குது. வார்த்தையை மட்டும் வாயைத் திறந்து சொல்லல. கெட்டிக்காரி."

மறுபடி நோலீன். "குளிர்ல நடுங்குறாடி. சொல்லித் தொலை."

ஷெரெல் தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு வார்த்தையா கிடைக்கவில்லை அவளுக்கு? மாம்பழம் என்று வைத்திருக்கக் கூடாதா?

"என் அம்மா ஒருத்திதான்" என்றாள், பாதிக் குரலில்.

 நோலீன், வாசலில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒரு எழுத்தும் விழுங்காமல், "என் அம்மா ஒருத்திதான்" என்றாள். கேட் திறந்தது. "அம்மா!" என்று கியார்னா பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டது ஷெரெலுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த அம்மா யார் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பத்திரம் என்ற நிம்மதியோடு, பழைய எரிச்சலும் அப்படியே எரிந்தது.

"ஷெரெல்" என்றாள் நோலீன்.  "நல்ல வார்த்தைதான் வச்சிருக்க. மாத்திடாதே. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."