குனிந்து போகும் தெரு

இஸ்திரிக்காரியின் மகள் காணாமல் போன மழைக்காலம் முடிவதற்குள், அந்தத் தெருவில் அவள் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டு வாசலும் எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவிட்டது. சுவரில் விரிசல் இல்லை, மரத்தில் கறையான் இல்லை. தச்சர் வந்து நிலையைப் பெயர்த்து, பழைய உயரத்தில் வைத்து, பூசிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்து பார்த்தால் மறுபடியும் இறங்கியிருந்தது. “நான் மரத்துக்குத்தான் வைத்தியம் பாப்பேன். இதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்று உளிப்பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது? பீரோவைப் படுக்கப் போட்டு இழுத்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முதுகை வளைத்து நுழைந்ததைப் பார்த்து, என்ன பணிவு என்று ஒரு மாமியார் பூரித்துப்போனாள். அந்த மாப்பிள்ளையின் லட்சணம் அப்புறம் தெரிந்தது, அது வேறு விஷயம். செத்தவர்களுக்கு மட்டும் சிரமமில்லை. அவர்கள் எப்படியும் படுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள்.

பிள்ளை விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் விட்டு அவள் கேட்டைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், அன்றைக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது, வீடு பூட்டியிருந்தது. போலீஸ் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டது. “எங்க பக்கம் வரவே இல்ல சார்” என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னார்கள். அப்படியானால் பிள்ளை தெருவுக்கே வந்து சேரவில்லை என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கால்வாயைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். அந்த ஆள் வேலையும் போய், மானமும் போய், ஊரை விட்டே போனார். கேஸ் அப்படியே ஆறிப்போனது.

இஸ்திரிக்காரி மட்டும் தெருவை நம்பினாள். “இங்க வந்திருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?” என்பாள், பார்க்கிறவர்களிடமெல்லாம். கேட்டவர்கள் அவசர வேலை இருப்பதுபோல் குனிந்து உள்ளே போய்விடுவார்கள்.

பிள்ளைக்குக் கல்யாண வயது தாண்டியிருக்க வேண்டிய காலத்தில், பழைய கேஸ்களைத் தூசி தட்ட ஒரு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நல்ல உயரம். தெருவில் முதல் வீடான தையல்காரி வீட்டில் நுழைந்ததும் நெற்றி நிலையில் மோதிப் புடைத்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து ஈரத்துணியால் அழுத்திக்கொண்டே கேட்டார்: “யாரு உயரத்துக்கும்மா இந்தக் கதவு?”

தையல்காரி பொலபொலவென்று அழுதாள்.

“வந்தா மேடம். பாத்ரூம் போகணும், வீடு பூட்டியிருக்கு அத்தைன்னு கேட்டா. அப்பதான் தரை துடைச்சிருந்தேன். ஷூவெல்லாம் சேறு. பக்கத்து வீட்டுல கேளுடின்னு சொல்லிட்டேன்.”

பக்கத்து வீட்டில் விருந்தாளி இருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மத்தியானத் தூக்கம். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டியிருந்தார்கள். கடைசி வீட்டுக் கம்பவுண்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“மெயின் ரோட்டுப் பக்கம் ஓடுச்சு. ஒரு வேன் நின்னுது. யாரோ தெரிஞ்சவங்கன்னு நினைச்சு நான் கதவைச் சாத்திட்டேன்.”

“இத்தனை வருஷமா வாயில என்ன வச்சிருந்தீங்க?”

“நான் சொன்னா எல்லாரும் மாட்டுவாங்களேம்மா. ஒரே தெருவில இருந்துகிட்டு…”

இஸ்திரிக்காரி அங்கேதான் நின்றிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று தெருவே காத்திருந்தது. அப்படிச் செய்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் தையல்காரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ரொம்ப அவசரமா கேட்டாளா?”

“காலை இடுக்கிக்கிட்டு நின்னா, அக்கா.”

மறுநாள் காலையில் வாசல்களெல்லாம் உயர்ந்திருந்தன. பழைய உயரத்துக்கு இல்லை. அதைவிடச் சற்றுக் குறைவு. இஸ்திரிக்காரி வேலைக்குக் கிளம்பியவள் தையல்காரி வீட்டு நிலைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றாள். உச்சந்தலைக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. உள்ளே வா என்று கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“என்னை விட வளந்துட்டா” என்றாள். “அவங்க அப்பா வாகு.”

இன்ஸ்பெக்டரம்மா டேப்பை எடுத்து வந்து அளந்தார். தேடப்படும் பெண்ணின் உயரம் என்று எல்லா ஸ்டேஷன்களுக்கும் புதிதாகச் சொல்லி அனுப்பினார். எப்படித் தெரியும் என்று எந்த ஸ்டேஷனும் கேட்கவில்லை. தெருவில் ஆண்கள் இன்னும் கொஞ்சம் குனிந்துதான் போகிறார்கள். தச்சரை யாரும் கூப்பிடவில்லை.