முயலுக்கு ஆறாம் நம்பர்

பார்க்கிங் என்ற ஆங்கில ஊரில், துவக்கும் தோட்டாவும் விற்கிற கடையில் சேர்ந்த நாளிலிருந்து இம்மாகுலேற்றுக்குப் பின்னறையில் பெட்டி அடுக்குகிற வேலைதான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் முதலாளி மெல்லர் அவளைக் கவுண்டரில் தனியே நிறுத்தினார்.

"இன்றைக்கு ஒழுங்காகப் பார்த்தால் இந்த இடம் உனக்கு. இல்லாவிட்டால் பழையபடி பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு, பழுது பார்க்க வந்த துவக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த இடம் அவளுக்கு வேண்டும். அதற்காகவே புதன்கிழமை தோறும் மாலை வகுப்புக்குப் போய், எந்த உயிருக்கு எந்தத் தோட்டா என்று படித்தாள். புறாவுக்கும் முயலுக்கும் பொடிச் சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டுகள். காட்டு வாத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரியது. மானுக்குச் சன்னமே ஆகாது, ரைபிள் குண்டுதான். படித்ததை வீட்டில் எழுதிப் பார்ப்பாள். எழுதியது சரிதானா என்று மறுநாள் பஸ்ஸில் யோசிப்பாள். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் யோசிப்பாள்.

பத்து மணிபோல் கதவு திறந்தது. வந்தவர் செபமாலைமுத்து, அவளுடைய தாய்மாமன். ஞானத்தகப்பனும் அவரே. பின்னால் அவருடைய கூட்டாளி எட்வேட்.

"பார் எட்வேட், என்ரை மருமகள் கடைக்கே முதலாளியாகிட்டாள்!"

"முதலாளியம்மா, விலையிலை ஏதும் கழிவு கிழிவு இருக்கோ?" என்றார் எட்வேட்.

மாமா கவுண்டரில் தட்டினார். "எஸ்ஜி ரெண்டு பெட்டி எடு, பிள்ளை."

எஸ்ஜி என்றால் கடலைப் பருமன் ஈயக் குண்டுகள் ஒருசில மட்டும் அடைத்த தோட்டா.

"முதலிலை உங்கடை சேட்டிபிக்கற்றைக் காட்டுங்கோ, மாமா."

"எனக்கோ? தலையிலை ஞானஸ்நானத் தண்ணி விழேக்கை உன்னை ஏந்திப் பிடிச்சவன் நான்!"

"அப்ப துவக்குச் சேட்டிபிக்கற் கேட்கேல்லைத்தானே. இப்ப கேட்கவேணும்."

எட்வேட் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா முணுமுணுத்தபடி எடுத்து நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"என்ன மிருகத்துக்கு?"

"மானுக்குத்தான். எசெக்ஸிலை ஒரு பண்ணைக்கு நாளைக்குப் போறம். மடுமாதா திருநாள் விருந்துக்கு மான் இறைச்சி என்ரை பொறுப்பெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அவள் கை அலுமாரிப் பக்கம் போகவில்லை. பயிரை அழிக்கிற மானைப் பண்ணைக்காரன் சன்னத்தால் சுடச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இது அதுவாக இருந்தால்? கேட்டுவிட்டே முடிவு செய்யவேண்டும்.

"பயிரை அழிக்குதெண்டு பண்ணைக்காரர் மான் சுடக் கூப்பிட்டவரோ?"

"அவன் கூப்பிட்டது முயலுக்கு. பத்தை புதருக்குள்ளை மானும் நிக்குதாம். கண்டால் விடுறதே?"

"அப்ப எஸ்ஜி தர ஏலாது, மாமா."

"ஏன் ஏலாது? மன்னார்க் காட்டிலை எஸ்ஜியாலை எத்தினை மான், எத்தினை காட்டுப்பண்டி விழுத்தினனான்! நீ அப்ப தொட்டிலிலை."

"அங்கை தண்ணிக்கு வாற மானை மரத்திலை இருந்து பக்கத்திலை வைச்சு அடிச்சனீங்கள். தப்பினாலும் நாய் போய்ப் பிடிக்கும். இஞ்சை வெட்டவெளி. தூரத்திலை ஒரு குண்டு வயித்திலை பட்டால் அது அடுத்தவன்ரை காணிக்குள்ளை ஓடிப்போய்க் கிடந்து சாகும். உங்களாலை பின்னாலை போகவும் ஏலாது. இந்த நாட்டிலை மானைச் சன்னத்தாலை சுடுறதே குற்றம்."

"வகுப்புக்குப் போனவ எனக்கு வேட்டை சொல்லித் தாறா!" மாமாவின் குரல் எழும்பியது. "ஊர்ச்சனத்துக்கு முன்னாலை என்னை வெறுங்கையோடை நிப்பாட்டப் போறியோ?"

சத்தம் கேட்டு மெல்லர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். மாமா உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். "இந்தப் பெண் எனக்குத் தோட்டா விற்க மறுக்கிறாள்."

மெல்லர் சேட்டிபிக்கற்றைப் புரட்டினார். அவளைப் பார்த்தார். "இதில் ஒரு குறையும் இல்லையே. ஏன் மறுத்தாய்?"

மான் என்று சொன்னால் மெல்லர் பொலிசுக்குப் போன் எடுப்பார். மாமாவின் துவக்குப் போய்விடும். பேசாமல் நின்றால் அவள் பெட்டி அடுக்கத் திரும்பவேண்டியதுதான். எஸ்ஜியைக் கொடுத்துவிட்டால் இரண்டுமே தப்பும். மூன்றையும் ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். கொடுப்பதில்லை என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

"இவரைப் பண்ணைக்காரர் முயல் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்" என்றாள். "எஸ்ஜி முயலுக்குப் பொருந்தாது. குண்டுகளுக்கு இடையில் முயல் தப்பிவிடும், அல்லது பட்டால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. அதனால் கொடுக்கவில்லை."

மெல்லர் மாமாவின் பக்கம் திரும்பினார். "முயலா, ஐயா?"

எட்வேட் சுவரில் தொங்கிய தொப்பிகளைப் பார்க்கத் தொடங்கினார். மாமா மருமகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்... யெஸ். முயல்தான்" என்றார்.

"அப்படியானால் அவள் சொன்னது சரி." மெல்லர் அவளிடம் கேட்டார்: "நீ எதைக் கொடுப்பாய்?"

ஐந்தா, ஆறா? நம்பர் கூடக் கூடச் சன்னம் பொடியாகும். ஐந்தாம் நம்பரிலும் தவறில்லை. பத்தைக்குள் இருந்து திடீரென்று பாய்கிற முயல், கிட்டத்து வெடி. சன்னம் நெருக்கமாக விழவேண்டும்.

"ஆறாம் நம்பர்."

"பிறகென்ன, எடுத்துக் கொடு. மதியத்துக்குப் பிறகும் கவுண்டரில் நீயே நில்." அவர் உள்ளே போனார்.

அவள் ஆறாம் நம்பர்ப் பெட்டி இரண்டை வைத்தாள். "மாமா, நான் உங்களுக்காகச் சொன்ன சொல். நாளைக்கு அதைப் பொய்யாக்கிப் போடாதேங்கோ."

மாமா பெட்டியை எடுத்துக் கையில் எடை பார்ப்பதுபோல் ஆட்டினார்.

"இருநூறு சனத்துக்கு முயலோ?" என்றார் எட்வேட். "ஆளுக்கு ஒரு காதுதான் வரும்."

"வாயை மூடடா. கோழியும் கலந்து காய்ச்சுவம்" என்ற மாமா, கதவடியில் நின்று திரும்பினார். "நாளைக்குப் பின்னேரம் நீயும் வந்து உரி. அவ்வளவு முயலையும் நான் தனிய உரிக்க ஏலாது."

"வாறன், மாமா" என்றாள்.