சிவப்பில் ஒரு தொப்பைக்காரர்

சாவியைத் திருப்பியதும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் எல்லா விளக்குகளும் எரிந்து, நல்ல பிள்ளைகளாக ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. பெரிய தொப்பையோடு ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற சின்னப் படம், சிவப்பில். பார்த்ததும் தையல்காரருக்கு மாமனார் ஞாபகம்தான் வந்தது. அந்தச் சின்ன லாரியும் மாமனாருடையதுதான். அவர் உள்ளே சாப்பிட்ட களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை மாப்பிள்ளை தொட்டதில்லை. கேட்டால் மாமனார் "பார்க்கலாம்" என்பார். அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று பொருள். இப்போது தையல்காரர் கடையை இடம் மாற்றுகிறார். மெஷின்களை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிப்போய்ப் புதுக்கடை வாசலில் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாடகை வண்டி கிடைக்காமல் இல்லை. ஆனால் மாமனார் கையால் ஒரு தடவையாவது சாவி வாங்கிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்கு ஒரு வழி தானாக வந்தது. டிரைவர் சீட் கொஞ்ச நாளாகக் கிறீச்சிட்டது. போன பட்டறைகளில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கத்துகிற எதையும் நாலு சொட்டு மெஷின் எண்ணெயில் வாயடைத்துவிடலாம் என்பது தையல்காரரின் கொள்கை. மாமனார் கண்ணயர்ந்ததும் வேலையைத் தொடங்கினார். ஸ்பானர் சத்தம் படுக்கையறை ஜன்னலுக்குப் போய்விடக் கூடாதே என்று முதலில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் போட்டு ரேடியோவில் பாட்டு வைத்தார். திருட்டு வேலைக்குப் பின்னணி இசை. பிறகு சீட்டுக்கு அடியிலிருந்த மஞ்சள் பிளக்கை, ஒயர் அறுந்துவிடாமல் பக்குவமாக உருவினார். சீட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டி, மேலே ஏறிக் குதித்தும் பார்த்தார். சீட் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. சாவியை அணைத்து மறுபடி போட்டபோதுதான் தொப்பைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

சீட்டில் ஆள் கனம் போதவில்லை என்கிறதோ என்று துணிக்கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பெல்ட்டை மாட்டினார், கழற்றினார். பிளக்கை உருவி, ஊதி, மறுபடி செருகினார். சிவப்பு அசைந்துகொடுக்கவில்லை.

கொடியில் துணி எடுக்க வந்த மனைவி, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"என்னங்க, கழட்டி மாட்டினதுல ஏதாவது மிச்சமாச்சா?"

"ஒரு போல்ட்டு கூட மிச்சம் இல்ல."

"அதான் பயமா இருக்கு. சைக்கிளைக் கழட்டி மாட்டினப்ப ஒரு கிண்ணம் நிறைய மிச்சமாச்சே."

"அந்த சைக்கிள் ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு. நிக்கத்தான் இல்ல."

அவள் போனதும் தையல்காரர் பேட்டரி ஒயரைக் கழற்றினார். செல்போன் முரண்டு பிடித்தால் அணைத்துப் போடுவதில்லையா, அதே வைத்தியம். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மாட்டினார். விளக்கு அப்படியே இருந்தது. கடிகாரம் மட்டும் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. ரேடியோவில் மாமனார் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

கிழிசலை மறைக்கத் தெரியாதவர் என்ன தையல்காரர்? கறுப்பு லைனிங் துணியில் சுண்டுவிரல் நகமளவு வட்டம் வெட்டி, பசை தொட்டு, விளக்கின் மேல் ஒட்டினார். நிறம் கச்சிதமாகப் பொருந்தியது. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒட்டுப் போட்டதில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

மனைவி திரும்பி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"லைட்டு போச்சா?"

"போச்சு."

ஆளைத் தெரியாதா அவளுக்கு? குனிந்து விரலால் தடவி, நகத்தால் ஒட்டின் ஓரத்தைக் கிளப்பினாள். தொப்பைக்காரர் சிவப்பாக எட்டிப் பார்த்தார்.

"இது தொப்பை இல்லங்க. எங்கயாவது மோதினா முன்னாடி விரியுமே, ஏர்பேக், அது. அதுல ஏதோ கோளாறுன்னு சொல்லுது. அப்பா இன்னும் கொஞ்ச நேரத்துல லோடு ஏத்திட்டு மலை இறங்கப் போறாரு."

மலைப்பாதையில் ஏதாவது ஒன்று ஆகி, பை விரியாமல் போய், விளக்கின் மேல் இந்த அழகான ஒட்டு மட்டும் மிஞ்சினால்? சாவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தையல்காரர் ஒட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மாமனார் அப்போதுதான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சீட், எண்ணெய், பிளக், பேட்டரி, ஒட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"என் ஸ்டேஷன் எல்லாம் போச்சா?" என்றார் மாமனார், நொந்த குரலில்.

"போச்சு மாமா."

"பிளக்கைக் கழட்டும்போது சாவி போட்டிருந்துச்சா?"

"பாட்டு ஓடிட்டிருந்துச்சு மாமா."

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கையளவு மெஷின் ஒன்றை எடுத்தார். குரல் தணிந்தது.

"சாவி போட்டிருக்கும்போது அந்தப் பிளக்கை உருவினா வண்டி அதை மனசுல வெச்சுக்கும். திருப்பி மாட்டினாலும் மறக்காது. உங்க அத்தை மாதிரி. இதை வெச்சு அழிச்சாதான் உண்டு."

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"போன வருஷம் என் கண்ணாடி சீட்டுக்கடியில விழுந்துச்சு. நானும் பாட்டு கேட்டுக்கிட்டேதான் அந்தப் பிளக்கைக் கழட்டினேன். அந்த லைட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டி ஒரு மாசம் ஓட்டினேன். நீங்க பொழுது சாயறதுக்குள்ள வந்து சொல்லிட்டீங்க. அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

வண்டியில் மெஷினைச் செருகி இரண்டு பொத்தான்களை அமுக்கினார். தொப்பைக்காரர் ஒருமுறை சிமிட்டிவிட்டுக் காணாமல் போனார். மாமனார் சீட்டில் ஏறி இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். சத்தம் இல்லை. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.

"லோடு ஏத்தப் போகணும். நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டீயரிங்கைத் துணி அளப்பது போல இரண்டு கையாலும் ஒருமுறை தடவிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மாமனார் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த பலகையை விரலால் தட்டினார்.

"இந்தப் பக்கமும் பை இருக்குல்ல?"