ஈர மண்

இறந்துபோன அப்பாவுக்கு உடுத்த வேண்டிய கறுப்புக் கோட்டை வெர்னா பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஆர்ச்சி சமையலறை வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஊர்ப் படைவீரர் சங்கத்தின் செயலாளர். அப்பா க்ளெமுடன் பல வருஷம் பியர் குடித்தவர்.

சங்கத்தில் ஒருவர் இறந்தால், கூட்டாளிகள் வரிசையாக வந்து சவப்பெட்டியின் மேல் ஆளுக்கொரு சிவப்புத் துணிப்பூ வைப்பார்கள். அப்பா படுக்கையில் கேட்டது அது ஒன்றைத்தான். ஆர்ச்சி மழையில்லாததைப் பற்றிப் பேசினார், கோதுமையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கமிட்டி கூடியதாம். உலகப் போர் முடிந்தபின் ஜப்பானுக்குப் போனவர்களுக்குப் பூ கிடையாதாம்.

"குண்டுச் சத்தமே கேக்காத ஆளுன்னு சொல்றானுங்க, ஈனிட்," என்றார் அம்மாவிடம்.

அம்மா தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள். "கேக்கலதான். அவர் போனப்போ அங்க சாம்பல்தான் கெடந்துது."

ஹிரோஷிமாவில் அப்பாவின் பிரிவு இடிபாடுகளை அள்ளியது. முகமூடி இல்லை. அங்கே கிடைத்த தண்ணீரையே குடித்தார்கள். மதியத்தில் சட்டையைக் கழற்றி விரித்து அந்தத் தூசியிலேயே படுத்துத் தூங்கினார்கள். ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. இரத்தப் புற்றுநோய் வந்தபோது, அதனால்தானா என்று டாக்டர்களும் சொல்லவில்லை. அப்பா யாரையும் திட்டியதில்லை. ஆனால் இந்த வீட்டில் உலர்ந்த தரையைப் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்த பிறகுதான் துடைப்பம். மழைநீர்த் தொட்டி வறண்ட கோடைகளில் அம்மா அதற்காகவே அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"உங்க பூவ நீங்களே வெச்சுக்கங்க, ஆர்ச்சி மாமா," என்றாள் வெர்னா.

அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். பூ இல்லாவிட்டாலும் அடக்கத்துக்கு வந்து நிற்கும்படி ஆர்ச்சியிடம் சொன்னாள்.

அவர் வந்தார். சங்கத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை. மேலே ஒரு சிவப்புப் பூகூட இல்லாமல் பெட்டி குழிக்குள் இறங்கியது. வறட்சியில் மண் மாவாகிக் கிடந்தது. பாதிரியார் போட்ட முதல் பிடி காற்றில் எழுந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருங்க," என்றாள் அம்மா.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பூச்சாடியை எடுத்தாள். டேலியாப் பூக்களை உருவித் தரையில் வைத்துவிட்டு, தண்ணீரை மண்குவியலின் மேல் மெதுவாகச் சுற்றித் தெளித்தாள். அவசரப்படவில்லை. பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் ஒரு பிடி போட்டாள். வெர்னா போட்டாள். தூசி எழவில்லை. ஆர்ச்சி குனிந்து அள்ளிப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். சேறு விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

"கை கழுவ எங்கயாவது தண்ணி இருக்கா, ஈனிட்?"

அம்மா சாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். "தீந்துபோச்சு."

கார் கிளம்பும்போது வெர்னா திரும்பிப் பார்த்தாள். அந்தச் சேற்றுக் கையைத் தன் கோட்டில் படாமல் விலக்கிப் பிடித்தபடி ஆர்ச்சி இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.