ஓடாத நாட்களின் கொப்பி

“பறக்காமல் விட்ட நாட்களின்ர பதிவைக் காட்டுங்கோ சேர்.”

இதை மட்டும் கேட்காதே என்றுதான் அக்கா படகேற்றும்போதும் சொன்னாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நெடுந்தீவுப் பெட்டைக்கு விமானி வேலை இன்னொருக்கா வராது.”

ஊர்காவற்றுறைக் கடலில் இறங்கி எழும்பும் சிறு விமானம் விடுகிற கம்பனி அது. தீவு பார்க்க வருபவர்களுக்கு. என்னிடம் பட்டம் இருக்கிறது, விமானி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, இரண்டு வருடமாக வேலை இல்லை. காலையிலிருந்து நேர்முகத்தில் கப்டன் பாலசிங்கமும் மனேஜர் சுலக்சனும் கேட்டவை: என் உயரம், என் ஆங்கிலம், எப்போது கலியாணம், சீருடையில் ஒரு படம் எடுக்கலாமா. யன்னல் கிடந்து அடித்தது. கடதாசிகள் பறக்காமல் மேசையில் கல் வைத்திருந்தார்கள். காற்றைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

“அப்பிடி ஒரு பதிவு இல்லைத் தங்கச்சி,” மனேஜர் சிரித்தார். “நாங்கள் ஒரு நாளும் நிப்பாட்டினதில்லை. அதுதான் எங்கட பேர்.”

“போன சோளகக் காத்துக் காலத்திலயும்?”

“ஓம், சோளகத்திலயும்.”

போன சோளகத்தில் அப்பா பதினொரு நாள் படகு விடவில்லை. அவர் நெடுந்தீவுப் படகின் ஓட்டி. ஓடிய நாட்களை அவர் எழுதுவதில்லை. ஓடாத நாட்களுக்குத்தான் கொப்பி: திகதி, காற்று, ஏசியவர்களின் பெயர். அன்று முழுக்கப் படகு எஞ்சின் திறப்பை மடியில் செருகிக்கொண்டு துறையிலேயே இருப்பார். ஏச விரும்பியவர்கள் வந்து ஏசலாம். கலியாண வீட்டுக்காரர், செத்தவீட்டுக்காரர், ஒருமுறை சுவாமியார். என் கடைசிப் பரீட்சையன்றும் விடவில்லை. பட்டம் ஒரு வருடம் பிந்தியது. அதுவும் என் பெயரோடு கொப்பியில் இருக்கிறது: ‘தென்மேல் காற்று. ஜெனீற்றா. மிக மோசமாக.’

கப்டன் முன்னால் சாய்ந்தார். “சரி, நீர் சொல்லும். காத்து அளவுக்கு மேல. உள்ள இருக்கிறது முதலாளியின்ர விருந்தாளியள். என்ன செய்வீர்?”

“அவையளை இறக்கி விடுவன்.”

“முதலாளி ஏசினால்?”

“பேரை எழுதி வைப்பன்.”

மனேஜர் மேசையில் தட்டிச் சிரித்தார். “நல்ல வாய்! சனத்துக்குப் பிடிக்கும்.” கல்லைத் தூக்கி, அடியில் இருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார். “வேலை உமக்குத்தான். நாளைக்கே பறக்கிறீர், பத்திரிகைக்காரர் வருகினம். எந்தக் காத்தெண்டாலும் எழும்பவேணும், விளங்குதோ?”

நான் கப்டனைப் பார்த்தேன். “சேர், நீங்கள் இங்க ஒருநாளாவது பறக்க ஏலாதெண்டு சொன்னனீங்களோ?”

அவர் பேனையை மூடினார். “சொன்ன ஆக்களை இங்க வைச்சிருக்கிறதில்லைப் பிள்ளை.”

கடிதத்தைத் திருப்பினேன். வெறும் பக்கத்தில் திகதி எழுதினேன். தென்மேல் காற்று என்று எழுதினேன். அதன்கீழ் ‘சுலக்சன்’.

“இனி ஏசுங்கோ,” என்றேன்.

மனேஜர் எழும்பி ஏசத் தொடங்கினார். ‘மோசமாக’வா, ‘மிக மோசமாக’வா என்று கேட்டு முடிவெடுக்க நான் நிற்கவில்லை. கதவைத் திறந்ததும் காற்று அந்தக் கதவை என் கையிலிருந்து பறித்துச் சுவரில் அடித்தது. படியிறங்கிப் போனேன்.