கூட எட்டுப் பேர்

அனல்மின் நிலையத்தை மூடியதில் அண்ணிக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷம் நிலக்கரித் தூசியைத் தின்றவள். அந்தப் புகைபோக்கி ஓய்ந்தால் ஊருக்கே நல்லது என்று அவளே சொல்லியிருக்கிறாள். வேலை இழந்தவர்களுக்குக் கூரைமேல் சோலார் தகடு பொருத்தக் கற்றுக்கொடுத்து, கையோடு வேலையும் தருவதாகச் சொன்னார்களே, அந்தப் பயிற்சியில் ஓர் இடம் கிடைத்தால் அவளுக்குப் போதும்.

உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி, கூடவே வேலை பார்த்த நாத்தனாருக்கு. நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிய எட்டுப் பெண்களில் மற்ற ஆறு பேரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள்.

நிலையத்தின் விருந்தினர் மாளிகையைத்தான் பயிற்சி மையமாக மாற்றியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதன் வாசற்படியை எட்டுப் பேரில் ஒருத்தியும் மிதித்ததில்லை. உள்ளே ஏ.சி. குளிர், சுவரில் ‘யாரையும் கைவிட மாட்டோம்’ என்று ஆளுயர எழுத்து. அதன் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். இங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். கேட் ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்றாள் அண்ணி. பார்த்துவிட்டேன் என்று அவரே எடுத்துத் திருப்பிக் காட்டினார். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே வரி: மேஸ்திரி, கூட எட்டுப் பேர். மேஸ்திரியின் பெயர் மட்டும் முத்து முத்தாக இருந்தது. லாரி நிழலில் படுத்துக் காலத்தை ஓட்டிய அந்த மகராசன் முதல் அணியிலேயே பயிற்சிக்குச் சேர்ந்தாயிற்று. நாலு கான்ட்ராக்டர்கள் மாறியிருந்தார்கள். ஒருவன்கூட அடையாள அட்டை என்று ஒன்றைக் கண்ணில் காட்டியதில்லை.

பெயரே இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று அதிகாரி கையை விரித்தார். நல்ல கேள்வி. பத்தொன்பது வருஷமும் இவர்கள் சுவரேறிக் குதித்து வந்து கரி அள்ளிவிட்டுப் போனார்களா?

அன்று வீட்டுக்குப் போன அண்ணி, துணிகளுக்கு அடியில் கிடந்த ஒரு காகிதத்தை வெளியே எடுத்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கரியோடு வந்த இரும்புக் கம்பி ஒன்று பெல்ட்டை நீளத்துக்கும் கிழித்து, இரண்டு நாள் உற்பத்தி நின்றுபோனது. கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டிய காந்தம் ஒரு மாதமாகக் கெட்டுக் கிடந்தது. இன்ஜினியருக்கும் அது தெரியும். ஆனாலும் பழியைப் போட ஒரு தலை வேண்டியிருந்தது. அன்று பெல்ட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அண்ணி. மெமோவைக் கையில் திணித்துப் பதினைந்து நாள் உள்ளே விடவில்லை. அந்த அவமானத்தை அவள் கிழித்தும் போடாமல், ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

மறுநாள் ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு போய் அதை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி வாய்விட்டுப் படித்தார். கம்பெனி முத்திரை, தேதி, அவளுடைய முழுப் பெயர். ‘பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருந்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டமைக்காக’. குற்றம் கெட்டியாக ஒட்டட்டும் என்று அனுபவத்தையும் அவர்களே கணக்குப்போட்டு எழுதியிருந்தார்கள். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

“இது போதும்மா. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கே.”

கம்ப்யூட்டரில் அவள் பெயரை ஏற்றினார். கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அண்ணியோ அந்த மெமோவைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

“செய்யாத தப்புக்கு என் பேர எழுதத் தெரிஞ்சுது, செஞ்ச வேலைக்கு எழுதத் தெரியல. போகட்டும் சார். இந்த ஏழு பேரும் என் பக்கத்துல நின்னு அள்ளினவங்க. நான் சாட்சி சொல்றேன், இவங்களையும் எழுதிக்குங்க.”

சாட்சியை ஏற்க விதியில் இடமில்லை என்றார் அவர். பிறகு ஏழு பேரையும் பார்த்து, உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்:

“உங்க மேலயும் இந்த மாதிரி ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்காங்களான்னு வீட்ல தேடிப் பாருங்களேன்.”

பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட யாரிடமும் ஒரு திட்டு வாங்காதவள் நாத்தனார். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுபோன பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நானும் ஒரு தடவ அதக் கிழிச்சு விட்டிருக்கணும் அண்ணி. ஒழுங்கா வேலை பாத்துத் தொலைச்சுட்டேன்.”