ஆடியில் அடித்த ஆணி

ஆடி பிறந்துவிட்டால் வவுனியா நகரத்து ஹாட்வெயார் கடைகளில் சீமெந்து மூட்டைகள் நித்திரை கொள்ளத் தொடங்கிவிடும். சுதாஜினி கணக்கெழுதும் கடையிலும் அப்படித்தான். மற்ற மாதங்களில் லான்ட்மாஸ்டர்களும் லொறிகளும் முட்டி மோதும் வாசலில், இப்போது மேசன்மார் வாங்கு போட்டு உட்கார்ந்து டாம் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆடியில் யாரும் அத்திவாரம் வெட்டுவதில்லை, நிலை வைப்பதில்லை, பழைய கூரையில் ஓர் அஸ்பெஸ்டஸ் சீற்றைக்கூடக் கழற்றுவதில்லை.

ஐந்து வருடமாக இந்தக் கூத்தைச் சுதாஜினி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆவணி பிறந்ததும் நகரமே ஒரே நாளில் கடைக்கு ஓடி வரும். அப்போது மேசன்மார் கிடைக்கமாட்டார்கள். சிறுபோக அறுவடைக்குக் கூலியாட்கள் வயலுக்குப் போயிருப்பார்கள். கிணறுகளில் அடித்தரை தெரியும்; பூசின சுவரை நனைக்க வாளித் தண்ணீருக்கும் வழியிருக்காது. இழுபட்டு இழுபட்டு வேலை ஐப்பசிக்குப் போகும், மழை பிடிக்கும். ஐப்பசியில் இந்தக் கடையில் அதிகம் விற்பது சீமெந்தல்ல, கூரைக்கு மேல் விரிக்கிற தறப்பாள்.

அவளுக்கு இது ஆறாம் மாதம். ஐப்பசி முடிவில் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

போன மாரியில் அவளுடைய படுக்கையறையில் மூன்று பேசின்கள் வைத்தும் போதவில்லை. கூரைச் சீற் வெடித்து, கிழக்குச் சுவர் ஊறி, மெத்தை பூஞ்சணம் பிடித்தது. அந்த அறைக்குள் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்த அவள் தயாரில்லை. கூரையை மாற்றி, சுவரை இரண்டு வரி உயர்த்திப் பூசி, அது காயவும் நாள் வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இப்போது தொடங்கினால்தான் சரி.

மத்தியானம் வாசலுக்குப் போய், பட்டாணிச்சூர் அன்ஸார் மேசனைக் கூப்பிட்டாள்.

"நானா, ஒரு அறை வேலை இருக்கு. வாறீங்களோ?"

அன்ஸார் டாம் பலகையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "இந்த மாதத்திலயோ தங்கச்சி? அல்லா, கேக்கவே காது குளிருது. எங்களுக்கு ஆடி, ஆவணி எண்டு ஒண்டும் இல்லை. வேலை தாறவங்களுக்கு ஆடி வந்தா எங்கட அடுப்புக்கும் ஆடிதான். ஆற்ற வீடு?"

"என்ர வீடுதான். குருமன்காட்டில."

அன்ஸாரின் பார்வை ஒரு கணம் அவள் வயிற்றில் தங்கி விலகியது. முகத்திலிருந்த சிரிப்பும் அதோடு போனது.

"கோவிக்காதீங்க தங்கச்சி. ஆடி பரவாயில்ல. ஆனா வயித்தோட இருக்கிற வீட்டில ஆணி அடிக்க, சுவர் உடைக்க நான் வரமாட்டன்."

"நீங்களுமோ நானா?"

"நான் நம்புறனோ இல்லையோ, அது வேற கதை. உங்கட ஆக்கள் நம்புறாங்க. நாளைக்கு ஒண்டு நடந்தா, அன்ஸார் ஆடியில போய்ச் சுத்தியலால அடிச்சுத்தான் எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு இந்த ரவுனில எனக்கு ஆர் வேலை தருவாங்க? இடம்பெயர்ந்து போன புத்தளத்தில இருந்து திரும்பி வந்து இந்தப் பேரை எடுக்க எனக்குப் பதினஞ்சு வருசம் போச்சு." அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை வந்து பார்த்து அளந்து தாறன். அதில குற்றமில்ல. உங்கட மாமி வாயால ஓம் எண்டு சொல்லட்டும், அப்பவே வேலையைத் தொடங்குறன்."

மாமி ஓம் சொல்வதா! சுதாஜினிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

*

இரண்டு வருடத்துக்கு முன்பு, கலியாணமான புதிதில், அவள் புருசன் சுஜிதன் கலியாணப் படத்தை மாட்டுவதற்குக் கிழக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்தான். அப்போது சுதாஜினிக்கு மூன்றாம் மாதம் தொடங்கியிருந்தது. நான்காம் நாள் அந்தக் கரு கலைந்து போனது. முதலிலிருந்தே அது சரியாக உருவாகவில்லை, யாரிலும் பிழையில்லை என்று டொக்டர் சொன்னார். அதற்குள் பக்கத்து வீட்டுக் கௌசலா வேலிக்கு மேலால் கேட்டுவிட்டாள்: "அண்டைக்கு டொக்கு டொக்கெண்டு ஆணி அடிச்ச சத்தம் கேட்டதே, அதுவோ?"

அந்த ஒரு கேள்வி வேலியைத் தாண்டி வந்து வீட்டுக்குள் குடியிருந்துவிட்டது. சுஜிதன் ஆணியைப் பிடுங்கி எறிந்தான். படம் அலுமாரிக்குப் பின்னால் போனது. அதன் பிறகு அவன் சுத்தியலைத் தொட்டதே இல்லை. குசினி யன்னலின் கொக்கி கழன்றபோதும் கம்பி வைத்துத்தான் கட்டினான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிதன்!

அன்ஸாரோடு கதைத்த அன்று பின்னேரம், சுதாஜினி கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாமியின் முன்னால் விரித்தாள். சிவப்புப் பேனையும் கையில் இருந்தது. மாமி இராசேஸ்வரி, மருமகளைப் பார்த்துக்கொள்ள அக்கராயனிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது. காலையில் சத்துமாக் கஞ்சி, மாலையில் கால் பிடித்துவிடுதல் என்று குறையில்லாத கவனிப்பு. கதை கூரைக்குப் போனால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"மாமி, எந்த மாதத்தில அறையைத் திருத்துவம்? நீங்களே சொல்லுங்கோ. ஆடி?"

"ஆடியில ஆராவது தொடுவினமோ?"

ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. "ஆவணி?"

"ஏழாம் மாதம் பிறக்குது. அப்ப வீட்டில தூசி கூடாது."

"புரட்டாசி?"

"புரட்டாசியில வீட்டு வேலை தொடங்கிறேல்லை."

"ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பீடை. தையில பிள்ளைக்கு மூண்டு மாதம், சத்தம் கூடாது. அப்பிடித்தானே?" கலண்டர் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அவள் பேனையை மூடினாள். "அப்ப பிள்ளைக்குச் சொல்லட்டோ மாமி, கொஞ்சம் பொறு, அடுத்த சித்திரைக்கு வா எண்டு?"

"வாய், வாய்!" என்றாள் இராசேஸ்வரி. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. "ஒருக்காப் பட்டது காணாதோ பிள்ளை? இன்னொருக்கா உன்னை அந்தக் கோலத்தில பாக்க எனக்கு ஏலாது."

கோபமாக வந்திருந்தால் சுதாஜினி எதிர்த்து நின்றிருப்பாள். வந்ததோ கண்ணீர். கதவடியில் நின்ற சுஜிதனைப் பார்த்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கோவன். ஆணிக்கும் வயித்துக்கும் என்ன தொடர்பெண்டு."

"ஒண்டும் இல்லை. எனக்குத் தெரியும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா அண்டைக்கு அடிச்சது நான்தானே."

அவள் உள்ளே போய்ப் படுத்தாள். கூரையின் வெடிப்பினூடே ஒரு கீற்று வெயில் மெத்தையில் விழுந்து கிடந்தது. ஐப்பசியில் அந்த வழியால் மழை வரும். கூரை வெடிப்பைவிடப் பெரிய வெடிப்பு ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, அதை யாரும் அளந்து பார்க்கவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஆணி இரண்டு வருடமாகத் தன் புருசனின் நெஞ்சில் அல்லவா அடிபட்டுக் கிடக்கிறது!

இந்த வீடு அவளுடைய சீதன வீடு. இந்த மனிதனும் அவளுடைய மனிதன்தான். இரண்டையும் இப்படியே ஊறிப்போக விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

*

சனிக்கிழமை காலை அன்ஸார் வந்தார். சைக்கிளில் சுத்தியலும் நூலும் போட்ட பை தொங்கியது. ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்து, சுவரை விரலால் தட்டிப் பார்த்து, இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மாமி அவருக்குப் பிளேன்ரீ கொடுத்தாள். உபசரிப்பில் அவள் ஒருபோதும் குறை வைப்பதில்லை.

"சீற்றைக் கழற்றி, புது மரச் சலாகை போட்டு, திருப்பி மூட நாலு நாள் பிடிக்கும்," என்றார் அன்ஸார். "செய்யிறதெண்டாத்தான்."

"நாலு நாளோ?" இராசேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "என்ர மனுசன் அக்கராயனில ஒரு பகலில கொட்டில் அடிச்சவர். காட்டில தடி வெட்டி, கப்பு நட்டு, ஆணி அடிச்சு, கிடுகு கட்டி, பொழுது படேக்குள்ள நாங்கள் உள்ளுக்குப் படுத்திட்டம். கிளிநொச்சியில இருந்து நடந்து வந்த களைப்பும் ஆறேல்லை."

இந்தக் கதையைச் சுதாஜினி பத்துத் தரமாவது கேட்டிருப்பாள். கலியாண வீட்டிலும் மாமி இதைத்தான் சொன்னாள். இன்றைக்குத்தான் அவளுக்குப் பொறி தட்டியது.

"மாமி, அது தொண்ணூற்றாறாம் ஆண்டு இடம்பெயர்வுதானே?"

"ஓம்."

"எந்த மாதம்?"

"அது... நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் நாள் கிடந்தது..." இராசேஸ்வரியின் குரல் தேய்ந்தது.

"ஆடி," என்றாள் சுதாஜினி. "இவர் பிறந்தது அந்த வருசம் ஐப்பசி. அப்ப உங்களுக்கு எத்தினை மாதம்?"

இராசேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கதவடியில் நின்ற சுஜிதன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான்.

"ஆறு," என்று சுதாஜினியே சொன்னாள். "எனக்கும் ஆறுதான்."

"அது உயிருக்குப் பயந்து செய்தது பிள்ளை. ஷெல் விழேக்குள்ள பஞ்சாங்கம் பாக்கிறதோ? அது வேற."

"என்ன வேற மாமி? ஷெல்லுக்குப் பயந்து அடிச்சா ஆணி பிள்ளையை ஒண்டும் செய்யாது, மழைக்குப் பயந்து அடிச்சாச் செய்யுமோ? உங்களை நடுக்காட்டில கிடத்தக்கூடாதெண்டு மாமா ஆடியில கொட்டில் அடிச்சார். அந்தக் கொட்டிலுக்குள்ள பிறந்தவர்தான் இந்தா நிக்கிறார், ஆறடி உயரத்தில. ஒரு ஆணியைக் கண்டாப் பயம் எண்டதைத் தவிர வேற ஒரு குறையும் இல்லை."

அன்ஸார் பிளேன்ரீக்குள் சிரிப்பை மறைத்தார்.

"நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்," என்றாள் இராசேஸ்வரி. "என்ர வாயால சொல்லி, பிறகு ஏதும் நடந்தா நான் எப்பிடித் தாங்குவன்?"

அன்ஸார் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "அம்மா சொல்லுறதும் சரி. பழி ஒருத்தரிலதான் விழும். அதுக்கு நான் தலை குடுக்க ஏலாது."

"இருங்கோ நானா. முதல் என்ன செய்வீங்கள், வேலை தொடங்கேக்குள்ள?"

"சுவரில ரெண்டு ஆணி அடிச்சு, மட்டம் பார்க்க நூல் கட்டுவன்."

"சுத்தியலைத் தாங்கோ."

அவர் தயங்கினார். அவள் தானே போய்ச் சைக்கிளிலிருந்த பையிலிருந்து சுத்தியலையும் இரண்டு ஆணிகளையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். மூவரும் பின்னால் ஓடி வந்தார்கள். கிழக்குச் சுவரில் அந்தப் பழைய ஓட்டை இன்னும் இருந்தது. அதற்கு நேரே ஆணியை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்கோ. முதல் ஆணி நான் அடிக்கிறன். என்ர வீட்டில, என்ர வயித்துப் பிள்ளையோட, ஆடி மாதத்தில நானே அடிக்கிறன். பிறகு பழி ஆற்ற தலையில எண்டு ஒருத்தரும் தேடத் தேவையில்லை. அன்ஸார் நானாவும் இல்லை, மாமியும் இல்லை, இவரும் இல்லை. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் ஆணியைப் பற்றி இந்த வீட்டில இனிக் கதை இருக்கக்கூடாது."

ஓங்கி அடித்தாள். ஆணி வளைந்து தரையில் தெறித்தது.

அவள் குனிய முடியாமல் குனிந்தபோது சுஜிதன் முந்திக்கொண்டு அதை எடுத்தான். கையில் வைத்துப் பார்த்தான். பிறகு கல்லில் வைத்து நிமிர்த்திக் கொண்டுவந்து, அதே ஓட்டையில் நேராகப் பிடித்தான்.

"நீர் அடியும்," என்றான்.

"விரலில பட்டிடும்."

"படட்டும். அதுக்கும் ஆடியில பழி போடாமல் விட்டால் சரி."

இரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவன் சொன்ன முதல் பகிடி அது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவர் மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் அடி பிசகவில்லை. மூன்றாவது அடியில் ஆணி சுவரைப் பிடித்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் இறங்கினது," என்றான் அவன் மெதுவாக.

"ஓம். அண்டைக்கும் அது வெறும் ஆணிதான். சொல்லுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். "வெறும் ஆணிதான்," என்றான்.

அவள் சுத்தியலை அவன் கையில் வைத்தாள். "நூலுக்கு ரெண்டு ஆணி வேணுமாம். மற்றது உங்கட."

அவன் எதிர்ச் சுவருக்குப் போனான். சுத்தியலை ஓங்கியபோது பின்னாலிருந்து தாயின் குரல் வந்தது.

"அந்தச் சின்ன ஆணி காணாது தம்பி. பெரிசா ஒண்டு எடு. உன்ர கொப்பர் அக்கராயனில அடிக்கேக்குள்ள ஒண்டும் வளையேல்லை."

அன்ஸார் தலையைச் சரித்துக் கேட்டார். "அம்மா, அப்ப அது ஓம் எண்டு எடுக்கலாமோ?"

"நான் ஆணியைப் பற்றித்தான் சொன்னனான்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இராசேஸ்வரி குசினிக்கு நடந்தாள். போகிற போக்கில், "மத்தியானம் எத்தினை பேருக்குச் சோறு போட?" என்றும் கேட்டாள்.

அன்ஸார் போனை எடுத்து, கடை வாசலில் டாம் விளையாடிக்கொண்டிருந்த தன் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

அரை மணித்தியாலத்தில் முதலாவது சீற் கூரையிலிருந்து இறங்கியது. அறைக்குள் வெயில் கொட்டியது. சோளகக் காற்று பழைய தூசியை அள்ளிக்கொண்டு போனது. சுதாஜினி முற்றத்து வேப்பமரத்தின் கீழ்க் கதிரை போட்டு உட்கார்ந்து, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த கலியாணப் படத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுஜிதனின் சுத்தியல் நிற்காமல் கேட்டது. தேவையில்லாத இடத்திலும் ஒன்றிரண்டு அடிக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

வேலிக்கு மேலால் கௌசலாவின் தலை தெரிந்தது.

"என்ன ராசேஸ்வரியக்கா, ஆடியில சத்தம் கேக்குது? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடெல்லோ?"

சுதாஜினி வாயைத் திறப்பதற்குள், மாமி கையில் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஓம், ஆடிதான். வீடு திருத்துறம். முதல் ஆணி என்ர மருமகள் அடிச்சவ," என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில். "உம்மட வீட்டுக் கூரையும் போன மாரியில ஒழுகினதெண்டு சொன்னனீர் எல்லோ? மேசனுக்கு இப்ப நேரம் இருக்கு. ஆவணிக்கு நிண்டா ஆள் கிடைக்காது. சொல்லட்டோ?"

வேலிக்கு மேலிருந்த தலை கீழே இறங்கியது. கூரையிலிருந்து இரண்டாவது சீற் வந்தது.